பாடம் பிடிக்கலையா, பாடத்தில் எது பிடிக்கலை?

மூன்றாம் பருவம் வந்தால் போதும், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் கிரேடு பிள்ளைகளின் பையில் ஒரு படிவம் வீட்டுக்கு வந்துவிடும். பத்தாம் கிரேடிலிருந்து மேட்ரிக் (பன்னிரண்டாம் கிரேடு) வரை எந்தெந்தப் பாடம் என்று டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் படிவத்தைப் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்கு எங்கள் பாட ஆசிரியர் குழுவின் பதில்கள் இங்கே.

கே: மகள் ஒன்பதாம் கிரேடு. கணக்கு என்றாலே முகம் சுண்டிப்போகிறது. கடைசித் தேர்வில் 41. மேத்ஸுக்குப் பதில் மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிகல் லிட்டரசி, அன்றாடக் கணக்குப் பாடம்) எடுக்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ மேத்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

ப: அம்மா, இருவரும் முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறார்கள். அந்த 41 மதிப்பெண் விடைத்தாளை வாங்கி மேசை மேல் வையுங்கள். போன 59 மதிப்பெண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓரத்தில் மூன்றில் ஓர் எழுத்தைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். "தெ" என்றால் தெரியவே இல்லை. "ச" என்றால் வழி தெரிந்தும் சறுக்கியது. "நே" என்றால் நேரம் போதவில்லை. எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆகும். பிறகு கூட்டிப் பாருங்கள்.

"ச" அதிகமாக இருந்தால் மகளுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த வயதில் சறுக்கும் இடங்கள் மூன்றே மூன்று: கழித்தல் குறி, பின்னம், அடைப்புக்குறி. ஓர் உதாரணம். தாளில் எக்ஸ் என்று வருவதை இங்கே "அ" என்று எழுதுகிறோம்.

−3(அ − 4) = 15

பிள்ளைகள் பலர் அடுத்த வரியில் −3அ − 12 = 15 என்று எழுதி, அ = −9 என்று முடித்துவிடுவார்கள். −3ஐ −4ஆல் பெருக்கினால் +12. ஆகவே −3அ + 12 = 15, அ = −1. விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பத்து விநாடி போதும்: −1 − 4 = −5, அதை −3ஆல் பெருக்கினால் 15. −9ஐப் போட்டால் 39 வரும், குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். திரும்பப் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைதான் "எவ்வளவு படித்தாலும் தப்பாகவே வருது" என்று பாடத்தையே வெறுக்கத் தொடங்கும்.

நான்கு வாரம், நாளொன்றுக்கு இருபது நிமிடம், ஐந்தே கணக்கு: குறி மாறும் எண்கள் இரண்டு, பின்னம் இரண்டு, அடைப்புக்குறி ஒன்று. கால்குலேட்டர் கூடாது. நான்கு வாரத்துக்குப் பிறகு ஒரு பழைய தாளை நேரம் வைத்துப் போடட்டும். 41 என்பது 55 பக்கம் வந்தால் மேத்ஸ் எடுக்கலாம். எழுத்துகளில் "தெ"யே மிகுதியாக இருந்து, நான்கு வாரத்திலும் அசையவில்லை என்றால் மேத்ஸ் லிட்டைப் பற்றிப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மேட்ரிக் மேத்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தலா 150 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதல் தாளில் சார்புகளும் வரைபடங்களும் 35, நுண்கணிதம் 35, இயற்கணிதம் 25, எண் தொடர்கள் 25, வட்டியும் தேய்மானமும் 15, நிகழ்தகவு 15. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மதிப்பெண் கூடலாம், குறையலாம். இரண்டாம் தாளில் முக்கோணவியலும் வடிவியலும் சேர்ந்தே 90 பக்கம். கேள்விகளின் கடினத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நேரடி அறிவு 20 சதவீதம், பழகிய வழிமுறை 35, சிக்கலான வழிமுறை 30, புதிதாக யோசிக்க வேண்டியது 15. முதல் இரண்டையும் சேர்த்தால் 55. மேதையாக இருக்கத் தேவையில்லை, பழகியதைத் தப்பில்லாமல் செய்கிற பிள்ளை 50ஐத் தொட்டுவிடும் என்பதற்கு அந்த 55தான் ஆதாரம்.

மேத்ஸ் லிட் வேறு வகைப் பாடம். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வரி, வீட்டுப் படம், வரைபட அளவு, புள்ளிவிவரம் இவைதான் அதில். வாழ்க்கைக்கு உதவும், சந்தேகமே இல்லை. ஆனால் பொறியியல், மருத்துவம், கணினி அறிவியல், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆகும் பி.காம் வழி இவற்றின் கதவை அது சாத்திவிடும். லிட்டில் 80 வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. சட்டம், சமூகப் பணி, இதழியல், கலைப் படிப்புகள் பலவற்றுக்கு லிட் போதும். மகளுக்கு எந்தக் கதவு வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.

இன்னொன்று: மேத்ஸிலிருந்து லிட்டுக்கு நடுவில் இறங்குவது எளிது. லிட்டிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது மிகக் கடினம். இரண்டு மனமாக இருந்தால் ஏறியே தொடங்குங்கள். பதினோராம் கிரேடு வரை இழுக்காமல் பத்தாம் கிரேடு அரையாண்டிலேயே மறுபடி பாருங்கள்.

கே: ஆஃப்ரிகான்ஸ் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பேச ஆளே இல்லை. பத்தாம் கிரேடில் ஸூலுவுக்கு மாறலாமா?
– மாணவன், ஃபீனிக்ஸ்

ப: தம்பி, உன் பள்ளி ஸூலுவை முதல் கூடுதல் மொழியாகக் கற்பித்தால் கேட்கலாம். ஆனால் கூடுதல் மொழி என்பது தொடக்கப் பள்ளியிலிருந்து படித்து வந்தவர்களுக்கான மட்டம். தெருவில் பேசும் ஸூலு கைவசம் இருந்தால் துணிந்து மாறு. "சாவுபோனா" (வணக்கம்) மட்டும்தான் தெரியும் என்றால், பிடிக்காத மொழியை விட்டுத் தெரியாத மொழிக்குப் போன கதையாகிவிடும்.

மாறும் முன் ஆஃப்ரிகான்ஸில் எது கசக்கிறது என்று பார். அநேகமாகச் சொல் வரிசைதான். பள்ளியில் அதை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தை வைத்துப் பார்த்தால் அது கோணலாகத்தான் தெரியும். தமிழை வைத்துப் பார். "நாளை டர்பனுக்குப் போகிறேன்" என்பதற்கு ஆஃப்ரிகான்ஸில் "மோரா ஹான் எக் டர்பன் டூ". "டர்பன்" முன்னே, "டூ" பின்னே. நம் "டர்பனுக்கு" என்பதில் "உக்கு" பின்னால் ஒட்டுகிற மாதிரியேதான். "எனக்கு உடம்பு சரியில்லாததால்" என்பதற்கு "ஓம்டாட் எக் சீக் இஸ்". "இஸ்" என்ற வினை வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. வினையைக் கடைசியில் வைப்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா என்ன?

தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. வாக்கியம் "மோரா" போல ஒரு காலச் சொல்லில் தொடங்கினால், இரண்டாவதாக வினை வர வேண்டும், அதன் பிறகே "எக்" (நான்). "மோரா எக் ஹான்" என்று எழுதினால் தப்பு. அடுத்தது இரட்டை மறுப்பு: "என்னிடம் பணம் இல்லை" என்றால் "எக் ஹெட் நீ ஹெல்ட் நீ". கடைசி "நீ"யை விட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். எழுதி முடித்ததும் ஒவ்வொரு மறுப்பு வாக்கியத்தின் கடைசியையும் விரலை வைத்துப் பார்.

மதிப்பெண் எங்கே கிடைக்கிறது என்றும் தெரிந்துகொள். மொத்தம் 300: மொழித் தாள் 80, இலக்கியம் 70, எழுதும் தாள் 100, வாய்மொழி 50. எழுதும் தாளில் கட்டுரை 50, நீண்ட நடைமுறை எழுத்து 30, குறுகியது 20. கடிதம், நாட்குறிப்பு, விளம்பரம் இவற்றுக்கு அமைப்புக்கென்றே மதிப்பெண் உண்டு. முகவரி எங்கே, தேதி எங்கே, விளிப்பு எப்படி என்று வகைக்கொன்றாக ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் அது சும்மா கிடைக்கிற மதிப்பெண்.

ஸூலுவுக்கே போவதானால் ஒரு சாவி தருகிறோம். "உன்னை நேசிக்கிறேன்" என்பது ஸூலுவில் ஒரே சொல்: "ங்கியகுதாண்டா". "ங்கி" நான், "ய" நிகழ்காலம், "கு" உன்னை, "தாண்டா" நேசி. தமிழில் நேசி, க்கிற், ஏன் என்று வேரிலிருந்து பின்னால் போகிறோம். ஸூலு அதே சாமான்களை முன்னால் அடுக்குகிறது. பையன் போகிறான், பையன்கள் போகிறார்கள் என்று எழுவாய்க்கேற்ப வினை மாறுவதும் நமக்குப் பழக்கம்தான்: "உம்ஃபானா உயஹாம்பா", "அபஃபானா பயஹாம்பா". ஆனால் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி முன்னொட்டு வைத்திருக்கின்றன. அதை மனப்பாடம் செய்யாமல் வேறு வழியில்லை.

கே: வேதியியல் பிடிக்கும், இயற்பியல் பிடிக்காது. சூத்திரம் எல்லாம் தெரியும், மதிப்பெண் மட்டும் வருவதில்லை. இரண்டையும் ஒரே பாடமாக வைத்திருப்பது அநியாயம் இல்லையா?
– மேட்ரிக் மாணவி, வெருலம்

ப: அநியாயமோ இல்லையோ, ஃபிசிகல் சயின்சஸ் என்றால் இயற்பியல் 150, வேதியியல் 150 என்று சரிபாதிதான். ஒரு காலால் நொண்டினால் 50ஐத் தாண்டுவது சிரமம்.

உனக்குத் தெரிந்த வேதியியலிலிருந்தே தொடங்குவோம். 4.8 கிராம் மக்னீசியம் எரிந்தால் எவ்வளவு மக்னீசியம் ஆக்சைடு என்று கேட்டால் நீ முதலில் என்ன செய்வாய்? 4.8ஐ 24ஆல் வகுத்து 0.2 மோல் என்று மாற்றுவாய். பிறகு விகிதம், பிறகு 40ஆல் பெருக்கி 8 கிராம். கிராமை வைத்துக்கொண்டு நேரே சமன்பாட்டில் குதிக்க மாட்டாய். இயற்பியலிலும் அதே ஒழுங்குதான்: கிடைத்ததை முதலில் மாற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் 3.6ஆல் வகுத்து விநாடிக்கு 20 மீட்டர். கிராம் என்றால் கிலோகிராம். சென்டிமீட்டர் என்றால் மீட்டர். சூத்திரம் தெரிந்தும் மதிப்பெண் போகும் முதல் இடம் இதுதான்.

இரண்டாவது இடம் திசை. ஒரு கல்லை விநாடிக்கு 14.7 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம், உச்சிக்குப் போக எத்தனை விநாடி? முதல் வரியில் "மேல்நோக்கி நேர்குறி" என்று எழுது. அப்படியானால் புவியீர்ப்பு முடுக்கம் −9.8. உச்சியில் வேகம் சுழி. 0 = 14.7 + (−9.8 × நேரம்). நேரம் 1.5 விநாடி. குறியை மறந்தால் −1.5 வரும். பிள்ளைகள் "நேரம் கழித்தலாக வராதே" என்று கழித்தல் குறியை மட்டும் அழித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விடை சரி, பிரதியீடு தப்பு. திருத்துபவர் சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியீட்டுக்கு ஒன்று, அலகோடு விடைக்கு ஒன்று என்று பிரித்துத்தான் தருகிறார். அதனால் சூத்திரத்தைத் தரவுத் தாளில் உள்ளபடியே ஒரு வரி, எண்களைப் போட்டு ஒரு வரி, விடையும் அலகும் ஒரு வரி. மனக்கணக்கில் தாவினால் நடுவில் உள்ளது போச்சு.

விசைப் படத்தில் அம்புகள் பொருளைத் தொட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். ஒரு விசையையும் அதைப் பிரித்த கூறுகளையும் ஒரே படத்தில் சேர்த்துப் போடக் கூடாது. வரையறைகளில் ஒரு சொல் கூட விடாதே. நியூட்டனின் இரண்டாம் விதியில் "நிகர விசை" என்பதற்குப் பதில் வெறும் "விசை" என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

நேரம் குறைவாக இருந்தால் இயக்கவியலிலிருந்து தொடங்கு. இயற்பியல் தாளில் அதிக இடம் பிடிப்பது அதுதான்.

கே: அக்கவுண்டிங்கில் இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்றால் எனக்கு அழுகையே வந்துவிடும். விட்டுவிடலாமா?
– மாணவி, டோங்காட்

ப: சமமாக வராததற்கு அழ வேண்டாம் அம்மா, அதற்கு மதிப்பெண் அதிகம் போகாது. இந்தப் பாடத்தில் வழிமுறைக்கே மதிப்பெண். கணக்கிட்ட வரியைப் பக்கத்தில் காட்டியிருந்தால், முந்தைய தப்பு எண்ணைக் கொண்டுபோனாலும் பின்வரும் மதிப்பெண் பெரும்பாலும் கிடைக்கும். வெறும் விடையை மட்டும் எழுதி அது தப்பானால் மொத்தமும் போய்விடும். வித்தியாசத்தைத் தேடி இருபது நிமிடம் வீணாக்குவதுதான் உண்மையான நஷ்டம், ஏனென்றால் 150 மதிப்பெண் தாளுக்கு இரண்டு மணி நேரம்தான். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 54ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்கிறாயா பார். வித்தியாசத்தின் பாதித் தொகை கணக்கில் எங்காவது இருந்தால், அது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ.

வாட் (மதிப்புக்கூட்டு வரி) கணக்கையும் ஒரு முறை சரிபார். 2018 ஏப்ரல் முதல் வாட் 15 சதவீதம். வாட் சேர்ந்த விலை 2,300 ராண்ட் என்றால் அதில் வாட் எவ்வளவு? 345 என்று எழுதுபவர்கள் ஏராளம். சேர்ந்த விலை 115 பங்கு. ஆகவே 2,300ஐ 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கு: 300.

ஒன்பதாம் கிரேடு ஈஎம்எஸ் (பொருளாதாரமும் மேலாண்மையும்) பாடத்தில் கணக்குப் பதிவுப் பகுதி பிடித்து, பொருளாதாரப் பகுதி பிடிக்காமல் இருந்தால் இந்தப் பாடம் உனக்கானது. தலைகீழாக இருந்தால் எகனாமிக்ஸைப் பார்.

கே: மகனுக்குப் போன வருடம் உயிரியல் உயிர். இந்த வருடம் ஆசிரியர் மாறினார், பாடமே பிடிக்கவில்லையாம். இவனை நம்பி எப்படிப் படிவம் நிரப்புவது?
– ஒரு தகப்பனார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: ஆசிரியரைப் பிடித்துப் பாடத்தைப் பிடிப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான். அதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம், நம்பிப் படிவத்தை நிரப்பவும் வேண்டாம். மூன்று வருடத்தில் அவனுக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் வருவார்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில் சோதியுங்கள்: பத்தாம் கிரேடு பாடப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தைக் கொடுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் இனிப்பாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் தனியாகப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி ஒரு பக்கம் எழுதட்டும். கேள்வி கேட்டுக்கொண்டு வந்தால் பாடம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் ஆசிரியரைத்தான் பிடித்திருந்தது.

லைஃப் சயின்சஸ் என்கிற உயிரியலைப் பற்றி ஒரு வார்த்தை: கேள்விகளில் 40 சதவீதம் நேரடி அறிவு, அதாவது சொற்களும் வரையறைகளும். கதையாகப் படிக்கப் பிடித்து, சொற்களைச் சரியான எழுத்துக்கூட்டலோடு மனப்பாடம் செய்ய மறுக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் ஏமாற்றம் தரும்.

கே: பேரனுக்கு வரலாறு என்றால் கொள்ளைப் பிரியம். "அதைப் படித்து என்ன வேலை?" என்று உறவுக்காரர்கள் அவனைக் கலைக்கிறார்கள்.
– ஒரு ஆயா, மெரிபேங்க்

ப: ஆயா, சட்டம் படிக்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி பள்ளியில் வேறு இல்லை. எந்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். மேட்ரிக்கில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒரு தாளில் தலா 50 மதிப்பெண்ணுக்கு மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும்: ஒன்றாவது ஆதாரக் கேள்வி, ஒன்றாவது கட்டுரை. மணிக்கொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரியம் இருந்தும் மதிப்பெண் குறைவது எங்கே தெரியுமா? கதை சொல்வதில். "இந்த ஆதாரம் எவ்வளவு பயனுள்ளது?" என்று கேட்டால் ஆதாரத்தில் உள்ளதைத் திரும்ப எழுதிவிடுகிறார்கள். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, இந்தக் கேள்விக்கு அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று எழுத வேண்டும். பயனுள்ளது வேறு, நம்பகமானது வேறு. ஒரு பிரசாரச் சுவரொட்டி நம்பகமற்றது, ஆனால் அரசு மக்களை என்ன நம்ப வைக்க விரும்பியது என்று அறிய மிகப் பயனுள்ளது. கட்டுரையிலும் அப்படித்தான்: முதல் பத்தியில் தன் நிலைப்பாட்டைச் சொல்லி, ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலும் அந்த நிலைப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். தெரிந்ததையெல்லாம் கொட்டினால் சராசரிதான் கிடைக்கும்.

வீட்டிலேயே பழகலாம். மதராஸிலிருந்து "ட்ரூரோ" கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. கப்பல் பட்டியலில் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓர் எண், பெயர், வயது, ஊர். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாள் நகல் இருந்தால் பேரன் கையில் கொடுத்து, "இதை எழுதியது யார்? பெயரை ஏன் இப்படி எழுதினார்? வயதை எப்படிக் கணித்திருப்பார்?" என்று கேளுங்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட மூன்று பவுண்டு வரி, 1913 வேலைநிறுத்தம், 1914இல் வரி நீங்கியது என்று அங்கிருந்து தானே தேடிப் போவான். மேட்ரிக் தாளில் வருவது பனிப்போரும் எழுபது, எண்பதுகளின் எதிர்ப்பும் ஜனநாயகத்தின் வருகையும்தான். ஆனால் ஆதாரத்தை அலசும் கை ஒன்றுதான்.

மேத்ஸையும் ஆங்கிலத்தையும் கைவிடாமல் வரலாற்றை எடுத்தால், அந்த உறவுக்காரர்கள் பயப்படும் எந்தக் கதவும் வரலாற்றால் சாத்தப்படாது.

கே: எல்ஓ (லைஃப் ஓரியண்டேஷன், வாழ்க்கைத் திறன் பாடம்) வீண்தானே?
– பெயர் போடவில்லை

ப: சட்டப்படி எடுத்தே ஆக வேண்டிய பாடம். மற்றப் பாடங்களுக்கு 20 கிரெடிட், இதற்கு 10. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைப் புள்ளியில் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பணிகளை அந்தந்தத் தேதியில் கொடுத்துவிட்டு, உடற்பயிற்சி வகுப்புக்கு ஒழுங்காகப் போ. அதற்கு மேல் கவலைப்படாதே.

கே: ஜியாக்ரஃபியில் மேப் வேலை மட்டும் வெறுப்பு. மற்றதெல்லாம் பிடிக்கும்.
– மாணவன், சாட்ஸ்வொர்த்

ப: மேப் வேலை என்பது அலகு மாற்றுவதுதான், வேறொன்றும் இல்லை. 1:50 000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். 1:10 000 விண்படத்தில் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டர். இரண்டையும் மாற்றிப் போடுவது முதல் தப்பு. அடுத்தது சரிவு. இரண்டு இடங்களுக்கு உயர வித்தியாசம் 80 மீட்டர், வரைபடத்தில் தூரம் 4 சென்டிமீட்டர் என்றால், 80ஐ 4ஆல் வகுத்துவிடுகிறார்கள். 4 சென்டிமீட்டர் என்பது 2,000 மீட்டர், சரிவு 1:25. கணக்குத் தொடங்கும் முன் இரண்டையும் மீட்டரில் எழுதிவிடு.

வரைபட எண்ணை ஊரை வைத்துப் பழகு. டர்பன் நகரின் நடுப்பகுதி 2931 சிசி. 29 பாகை தெற்கு, 31 பாகை கிழக்குக் கட்டத்தை நான்காகப் பிரித்தால் கீழ் இடது சி. அந்த சியை மறுபடி நான்காகப் பிரித்தால் கீழ் இடது சி. உன் சாட்ஸ்வொர்த் 31 பாகைக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 2930 டிடி. ஏன் டிடி என்று நீயே கட்டம் போட்டுப் பார்.

கே: மகள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு ஆசையாகப் போகிறாள். தமிழை மேட்ரிக் பாடமாக எடுக்க முடியுமா?
– ஒரு தாய், லெனேசியா

ப: முடியும். தமிழ் இரண்டாம் கூடுதல் மொழியாகத் தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஆறாம் பிரிவே தமிழைப் பெயர் சொல்லி ஊக்குவிக்கச் சொல்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் இருப்பது ஒன்று, உங்கள் பள்ளியில் இருப்பது வேறு. மகளின் பள்ளி அதைப் பதிவு செய்து, கற்பிக்கவும் தேர்வு நடத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டும். படிவம் கையில் வந்த பிறகு போய்க் கேட்டால் நேரம் போதாது. இரண்டாம் பருவத்திலேயே தலைமையாசிரியருக்கு எழுத்தில் கேளுங்கள். வார இறுதி வகுப்பு ஆசிரியரையும் உடன் அழைத்துப் போங்கள்.

இடத்தையும் கணக்கிடுங்கள். ஏழு பாடத்தில் இரண்டு மொழி, ஒரு கணக்கு, எல்ஓ போக மீதி மூன்று. அந்த மூன்றில் ஒன்றாகத் தமிழை எடுப்பதா, எட்டாவது பாடமாக எடுப்பதா என்பதுதான் கேள்வி. மருத்துவம் போன்ற படிப்பைக் கண்ணில் வைத்திருப்பவள் எட்டாவதாக எடுப்பதே நல்லது. சுமை கூடும், அதை மறைக்கவில்லை.

பேச்சு வந்துவிட்டது என்று எழுத்தை விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் காதில் கேட்டு எழுதுவதால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ர, ற அப்படியே. ந, ண, ன அப்படியே. நாளொன்றுக்குப் பத்துச் சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள், ஜோடி ஜோடியாக: பல்லி, பள்ளி. கரை, கறை. மனம், மணம். வலி, வழி, வளி. தனிச் சொல்லாகச் சொன்னால் அவளுக்கு எதுவென்று தெரியாது, வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்: "சட்டையில் கறை", "ஆற்றின் கரை". தப்பானதை மூன்று முறை எழுத வைக்காதீர்கள், அந்தச் சொல்லை வைத்துப் புதிதாக ஒரு வாக்கியம் எழுத வையுங்கள். தப்பின சொற்களுக்கென ஒரு சின்ன நோட்டு வைத்து, வெள்ளிக்கிழமை அந்தச் சொற்களை மட்டும் மறுபடி கேளுங்கள்.